தூண்டிற்காரரின் மோட்டார் வீடு

சனிக்கிழமை சாயங்காலம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும் வண்டிகளில்தான் எத்தனை தினுசு! சிற்பம் பார்க்கப் போகிறவர்கள், காற்று வாங்கப் போகிறவர்கள், கல்யாணக் கோஷ்டிகள். இவர்களோடு இப்போது இன்னொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. வண்டியின் கூரைமேல் நீளமாக ஒரு பிளாஸ்டிக் குழாய்; பின்புறம் ஐஸ் பெட்டி; ஜன்னல்களில் கொசுவலை. பார்த்தவுடனே தூண்டிற்காரர் என்று தெரிந்துவிடும். கோவளத்துக் கழிமுகத்திலோ, கல்பாக்கத்துக்குத் தெற்கே பாலாறு கடலோடு கலக்கும் வயலூர்ப் பக்கத்திலோ பொழுது சாயத் தூண்டில் போட்டு, இரவு வண்டியிலேயே படுத்தெழுந்து, ஞாயிறு மத்தியானம் மீனோடு வீடு திரும்புகிறவர். மீனில்லாமல் திரும்புகிறவர்களும் உண்டு. அவர்கள்தான் அதிகம் என்று சொல்லிக் கேள்வி.

பொழுதுபோக்கு நல்ல பொழுதுபோக்கு. ஆனால், இதற்காக வண்டியைத் தயார் செய்கிறவர்களில் பலர் சினிமா நட்சத்திரங்களின் கேரவன் வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டு காரியத்தைத் தொடங்குகிறார்கள். குளிர்சாதனம் வேண்டும், அதற்கு ஒரு ஜெனரேட்டர் வேண்டும், கண்ணாடிகளை இறுக மூடிக்கொள்ள வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் ஒன்று இருக்கிறது.

2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், கேரளத்தில் கோழிக்கோடு ஜில்லாவைச் சேர்ந்த வடகரையில், சாலை ஓரமாக ஒரு கேரவன் வண்டி நெடுநேரம் நின்றுகொண்டிருந்தது. சந்தேகப்பட்டுத் திறந்து பார்த்தபோது உள்ளே இரண்டு பேர் பிணமாகக் கிடந்தார்கள். அடிதடி இல்லை, திருட்டு இல்லை. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியை இயக்கிச் சோதனை செய்து பார்த்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து கிளம்பிய கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று தெரிந்தது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. மூச்சோடு உள்ளே போனதும், பிராணவாயு பிடித்துக்கொள்ள வேண்டிய இடத்தை ரத்தத்தில் இது பிடித்துக்கொள்கிறது. அதன் பிடி பிராணவாயுவின் பிடியைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமானது. தூங்குகிறவனுக்குத் தலைவலி வந்தது தெரியாது, மயக்கம் வந்தது தெரியாது. ஜெனரேட்டர்தான் என்றில்லை; நிறுத்திய வண்டியில் இஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்குவதும் அபாயந்தான். கடற்கரை மணலில் அந்த அபாயம் இன்னும் கூடுகிறது. சக்கரம் புதைந்து, புகைக்குழாயின் வாய் மணலில் அமிழ்ந்துவிட்டால் புகை போவதற்கு வேறு வழி ஏது? அடித்தட்டில் உள்ள இண்டு இடுக்கெல்லாம் அதற்கு வழியாகிவிடும். அப்போது கண்ணாடியை இரண்டு விரல் அகலம் இறக்கி வைத்திருக்கிறோம் என்பது ஒரு பாதுகாப்பாகாது. பார்பிக்யூ செய்த கரி அடுப்பைக் கணகணப்புக்காக வண்டிக்குள் எடுத்து வைப்பதும் இதே கதைதான்.

ஆகையால் இந்தக் கரைக்கு வண்டி தயார் செய்கிறவர், சாமான் வாங்கக் கடைக்குப் போகுமுன், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடிக்கொள்ள வேண்டும். இஞ்சினை அணைத்துவிட்டு, கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்து, இதில் ஒரு ராத்திரி தூங்க முடியுமா? முடியும்படி செய்துகொண்டால் மற்றவையெல்லாம் சில்லறைச் செலவு.

படகிலே படுத்தவர்கள்

செங்கற்பட்டுச் சீமைக்கு இது புதிய வித்தையல்ல. மாமல்லபுரத்துக்குத் தார்ச்சாலை வருவதற்கு முன், சென்னைவாசிகள் அங்கே போனது பெரும்பாலும் பக்கிங்ஹாம் கால்வாயில்தான். தாது வருஷப் பஞ்சத்தின்போது பஞ்ச நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் வெட்டிய துண்டும் சேர்ந்து, 1878-ல் அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்ற கால்வாய் அது. சாயங்காலம் படகில் ஏறி, கூண்டுக்குள் பாயை விரித்துப் படுத்தால் விடியும்போது மாமல்லபுரம். ரெயிலில் செங்கற்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர் மாட்டுவண்டியில் போனவர்களும் உண்டு. இரண்டிலும் கூண்டு வளைவாக இருக்கும். முன்னும் பின்னும் திறந்திருக்கும். காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகும்.

தூண்டில் விஷயத்திலும் முன்னோடிகள் இருந்தார்கள். ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற சென்னை ராஜதானி சிவில் உத்தியோகஸ்தர் 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு புஸ்தகம் போட்டார். 1887-ல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 'டேங்க் ஆங்க்ளிங் இன் இந்தியா' என்று இன்னொன்றும் எழுதினார். துரைமார்கள் முகாம் போனால் கூடாரம், கட்டில், பாத்திரம் பண்டமெல்லாம் வண்டி வண்டியாகப் போகும், சமையற்காரர் தனி. இன்றைக்கு அத்தனையும் ஒரே வண்டிக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. சமையற்காரரும் தூண்டிற்காரரும் ஒருவரே.

எந்த வண்டி?

மலையேறும் பெரிய ஜீப்புதான் வேண்டும் என்ற நினைப்பு அநாவசியம். கோவளம், மாமல்லபுரம், வயலூர், இன்னும் தெற்கே முதலியார்குப்பத்தின் ஓதியூர்க் காயல் ஆகிய எல்லா இடத்துக்கும் பக்கம்வரை நல்ல சாலை இருக்கிறது. இரண்டு பக்கமும் தள்ளுகதவு உள்ள மாருதி ஈகோ போன்ற சாதாரண வேன் இந்தக் கரைக்கு மெத்தப் பொருத்தம். அதற்கு முந்திய ஆம்னி வேன் 1984 முதல் 2019 வரை தயாராயிற்று. நல்ல நிலையில் கிடைத்தால் அதுவும் ஆகும். நாலைந்து பேராகப் போகிற கோஷ்டிக்கு ஃபோர்ஸ் டிராவலர் உண்டு.

வாங்கும்போதே ஒரு சாமர்த்தியம் செய்யலாம். ஏழு பேர் உட்காரும் வண்டியை வாங்கி, பிறகு பின் இருக்கையைக் கழற்றி எறிகிறவர்கள் சட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. வண்டியையே நிரந்தர வீடாக மாற்றிக் கட்டுவதென்றால் மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்று தனித் தரவிதி இருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து ஆபீஸில் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய காரியம் அது. மாதம் ஒரு ராத்திரிக்காக அந்தத் தலைவலி எதற்கு? ஐந்து பேர் உட்காரும் வண்டியையே வாங்கி, பின்புறம் காலியாக உள்ள இடத்தில் ஏற்றி இறக்கக்கூடிய சாமான்களை வைத்துக்கொள்வதே உசிதம். திங்கட்கிழமை அது மறுபடி குடும்ப வண்டி.

படுக்கையும் காற்றும்

படுக்கைக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட் 12 மில்லிமீட்டர் கனத்தில் போதும். இரண்டு மூன்று துண்டாக அறுத்துக் கீல் போட்டால் பகலில் மடங்கும், இரவில் விரியும். வண்டிக்குள் மனிதரைப் படுக்கவைத்து அளந்த பிறகே பலகையை அறுக்க வேண்டும். கடையில் அளந்துகொண்டு வந்து, காலை நீட்ட முடியாமல் முழங்காலைக் கட்டிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த வீரர்கள் பலர். மலிவான பிளைவுட்டும் இரும்பு ஆணியும் உப்புக் காற்றுக்கு ஒரு வருஷம் தாங்காது. திருகாணியெல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அதிலும் 304 என்ற ரகத்தைவிட 316 என்ற ரகம் உப்புக்கு நன்றாக நிற்கும். பலகைக்கு அடியில் தூண்டில் சாமான், பாத்திரம், தண்ணீர். மேலே தேங்காய் நார் மெத்தை அல்லது ஒரு ஜமுக்காளம். பஞ்சு மெத்தை ஈரத்தை வாங்கிக்கொண்டு நாற்றமெடுக்கும்.

காற்றுதான் முக்கியம் என்றோம் அல்லவா? இந்தக் கரையில் மாலையில் கடலிலிருந்து நிலத்துக்குக் காற்று வீசும். நடுநிசிக்கு மேல் நிலம் குளிர்ந்ததும் திசை மாறி, நிலத்திலிருந்து கடலுக்கு மெல்ல வீசும். ஆகவே வண்டியின் மூக்கு வடக்கையோ தெற்கையோ பார்த்து நிற்க வேண்டும். அப்போது ஒரு தள்ளுகதவு கடலைப் பார்க்கும், மற்றது ஊரைப் பார்க்கும். முன்னிரவுக் காற்றும் பின்னிரவுக் காற்றும் வண்டிக்குள் ஊடே போகும். இரண்டு கதவுக்கும் கொசுவலைத் திரை தைத்துக்கொள்ள வேண்டும். காந்தப் பட்டை வைத்துத் தைத்தால் ஒட்டவும் எடுக்கவும் சுலபம். கொசுவர்த்திச் சுருளை வண்டிக்குள் ஏற்றுவது கூடாது. பஞ்சும் துணியும் பெட்ரோலும் உள்ள இடம் அது.

இதற்கு மேலும் புழுக்கமென்றால் 12 வோல்ட் விசிறி. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 வாட் விசிறி பத்து மணி நேரம் சுற்றினால் 150 வாட்-மணி. விளக்குக்கும் செல்போனுக்கும் 50 வைத்துக்கொண்டால் ஒரு ராத்திரிச் செலவு 200. சிறிய வண்டியின் சொந்த பேட்டரி 35 ஆம்பியர்-மணி என்றால் மொத்தமே 420 வாட்-மணிதான். பாதிக்கு மேல் உறிஞ்சினால் காலையில் இஞ்சின் கிளம்பாது. அதனால் தனியாக ஒரு பேட்டரி வேண்டும். 100 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஏறத்தாழ 1,280 வாட்-மணி தரும். விசிறியும் விளக்கும் ஐந்தாறு ராத்திரி ஓடும். இதே பேட்டரியில் ஒரு டன் ஏ.சி. போட நினைத்தால்? அது 1,000 வாட் இழுக்கும். பாதி நேரமே கம்பிரசர் ஓடுவதாக வைத்தாலும் எட்டு மணிக்கு 4,000 வாட்-மணி. அத்தனை பேட்டரிக்கு விலை கொடுக்க முடியாமல்தான் ஜனங்கள் ஜெனரேட்டரைத் தேடிப் போகிறார்கள். வடகரை விபத்தின் வேர் இந்தக் கணக்கிலேதான் இருக்கிறது.

பேட்டரியின் பாஸிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் போட வேண்டும். ஒயர் உராய்ந்து தீப்பிடித்தால், தூங்குகிறவர் எழுந்திருக்குமுன் காரியம் முடிந்துவிடும். தலைமாட்டில் கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும், கைக்கெட்டும் இடத்தில் சிறிய தீயணைப்பு உருளை ஒன்றும் மாட்டிவைக்கலாம். தூண்டில் கோல் ஒன்றின் விலைகூட ஆகாது.

அடுப்பு வண்டிக்கு வெளியேதான். காஸ் காற்றைவிடக் கனம்; கசிந்தால் மேலே போகாமல் படுக்கைக்கு அடியில் தேங்கும். அதோடு இந்தக் கரை நெடுக உள்ள சவுக்குத் தோப்புகளின் கீழே சருகு மெத்தை போலக் கிடக்கும். ஒரு பொறி போதும். தோப்புக்குள் வண்டியை நிறுத்தலாம். தோப்புக்குள் அடுப்பு மூட்டக் கூடாது.

மீனுக்கு ஒரு பெட்டி

கழிமுகத்தில் கொடுவாவும் மடவையும், மணற்கரையில் கிழங்கானும், பாறைப் பக்கத்தில் செப்பிலியும் தூண்டிலுக்கு வரும். வந்த மீனை வெயிலில் சாக்கில் போட்டு வைத்துவிட்டு, வீட்டில் மீன் நன்றாயில்லை என்று மனைவியின் சமையலைக் குறை சொல்வதில் நியாயமில்லை. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது உஷ்ண தேசத்துக் கணக்கு. பிடித்தவுடன் செவுளையும் குடலையும் எடுத்து, உடைத்த ஐஸில் அடுக்கடுக்காகப் புதைக்க வேண்டும். உருகிய தண்ணீர் வடியப் பெட்டியின் அடியில் துவாரமும் அடைப்பானும் அவசியம். கானாங்கெளுத்தி, சூரை இரண்டும் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஒரு விஷப்பொருள் உண்டாகும். பிறகு எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது.

குடிதண்ணீர் ஆளுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையக் கூடாது. மூன்று பேருக்கு இருபது லிட்டர் கேன் ஒன்று சரியாக இருக்கும். அதற்கே இருபது கிலோ எடை. கூரையில் ஏற்றாமல், கீழே, நடுவில் கட்டிவைக்க வேண்டும். மருந்துப் பெட்டியில் பஞ்சு, மருந்தோடு கம்பி வெட்டும் குறடு ஒன்று இருக்கட்டும். விரலில் பாய்ந்த தூண்டில் முள்ளை வெட்ட வேறு ஆயுதம் கிடையாது. கெளிற்றின் முள்ளோ திருக்கையின் வாலோ குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் கடுப்பு அடங்கும். பிறகு டாக்டரிடம் போகலாம்.

கோல்களைக் கூரைமேல் பி.வி.சி. குழாயில் வைப்பது நல்ல யுக்தி. ஒரு முனைக்கு மூடி, மறு முனைக்குப் பூட்டு. ஆனால் சித்திரை, வைகாசி இடிமழையின்போதும் ஐப்பசி, கார்த்திகையிலும் மின்னல் கண்டதும் கோலைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள் ஏறிக்கொள்ள வேண்டும். இக்காலத்துக் கோல்கள் கார்பன் நார். மின்னலைக் கூப்பிட்டுக் கையில் வாங்குவதற்குச் சமம். தகரக் கூரையுள்ள வண்டி அந்த நேரத்தில் நல்ல அடைக்கலம்.

யாருடைய கரை?

வண்டி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நிறுத்துமிடம் தெரியாவிட்டால் பிரயோஜனமில்லை. கரை காலியாகக் கிடப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அங்குலம் அங்குலமாக அது மீனவர்களின் தொழிற்சாலை. 2004-ஆம் வருஷத்து சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் குறைந்து, மோட்டார் பூட்டிய பைபர் படகு பெருகிவிட்டது. விடியலுக்கு வெகு முன்பே படகைத் தள்ளுவார்கள். எரிபொருள் கேனும் வலையும் போகும் பாதையில் பட்டணத்து வேன் ஒன்று திரை போட்டுக்கொண்டு தூங்கினால் அவர்களுக்குக் கோபம் வராதா? சாயங்காலமே ஊருக்குள் போய், பெரியவர்களைக் கண்டு, "ஐயா, ராத்திரி எங்கே நிறுத்தலாம்?" என்று கேட்டால் நல்ல இடம் காட்டுவார்கள். கழிமுகத்தின் மணல்மேடு இந்த மாதம் எங்கே இருக்கிறது, எங்கே காலடியில் சரியும் என்பதையும் அவர்களே சொல்வார்கள். வருஷா வருஷம் இடம் மாறும் மணல் அது. அந்த விஷயத்தை எந்தப் படமும் காட்டாது. இரவில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தூண்டில் வீசுகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள். அறுந்த முள்ளை மணலில் விட்டு வருவதும் பெரிய பாவம். அங்கே வெறுங்காலோடு நடப்பவர்கள் குழந்தைகள்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் அக்கம்பக்கம் காவல் உள்ள பிரதேசம். அங்கே ராத்தங்கல் வேண்டாம். மற்ற இடங்களிலும் கடலோரப் பாதுகாப்புப் போலீசார் வந்து விசாரிப்பார்கள்; அடையாளச் சீட்டும் வண்டிக் காகிதமும் கைவசம் இருக்கட்டும். கொளவாய் ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளில் தூண்டில் போட விரும்புகிறவர்கள், மீன்பிடி உரிமை குத்தகையில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு இறங்குவது மரியாதை.

பனி குறைந்து, மழை நின்று, கடலும் சாந்தமாக இருக்கும் தை முதல் பங்குனி வரைதான் இந்தப் பயணத்துக்கு நல்ல பருவம். அதே பருவத்தில்தான் பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறுகிறது. 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் சென்னை, செங்கற்பட்டுக் கரையில் செத்து ஒதுங்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மிஞ்சியவை வரும்போது மணலில் வண்டியை ஓட்டுவது நியாயமா? கூடு நசுங்கும், சக்கரத் தடத்தின் பள்ளத்தில் குஞ்சுகள் விழுந்து ஏறமுடியாமல் தவிக்கும். குஞ்சு வெளிச்சத்தை நோக்கியே ஊர்கிற பிராணி. கடல் பக்கத்து மங்கல் ஒளியை விட்டுவிட்டு, வேனில் எரியும் வெள்ளை விளக்கைக் கடல் என்று நம்பி ஊர்ப்பக்கம் போய்விடும். வண்டிக்குள்ளும் தலையில் மாட்டும் விளக்கிலும் சிவப்பு வெளிச்சம் வைத்துக்கொண்டால் தூண்டில் வேலைக்கு அது தாராளம். வண்டி நிற்க வேண்டியது கெட்டித் தரையில். தப்பித் தவறி மணலில் இறங்கிவிட்டால், டயர் காற்றை வழக்கமான முப்பது சொச்சத்திலிருந்து இருபது பவுண்டுக்குக் குறைத்து மெதுவாக வெளியேற்றலாம். மறுபடி காற்றடிக்க 12 வோல்ட் பம்பு ஒன்று வேண்டும். காற்றில்லாத டயரோடு சாலையில் வேகமாகப் போனால் அது வேறு விபத்து.

வீடு திரும்பியதும் மீனைச் சமையலறையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போகக் கூடாது. நல்ல தண்ணீரைப் பீய்ச்சி, வண்டியின் அடிப்பக்கத்தையும் சக்கர வளைவுகளையும் கழுவ வேண்டும். தள்ளுகதவு ஓடும் தண்டவாளத்தில் மணலும் உப்பும் சேர்ந்து முதலில் துருவேறுவது அங்கேதான். பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, காய்ந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். பலகையையும் கொசுவலையையும் அன்றைக்கே வெயிலில் போட்டுவிட்டால் திங்கட்கிழமை வண்டியில் மீன் வாடை இருக்காது.